கதவு அவனுடையது

சிலி நாட்டுக் கடலோர ஊரான குரானிப்பேயில் நிலம் அதிர்ந்தால் யாரும் அலறுவதில்லை. ஒருவர் அடுப்பை அணைப்பார். இன்னொருவர், சட்டம் கோணிக் கதவு இறுகிவிடும் முன் அதைத் திறந்து வைப்பார். ஓர்த்தென்சியாவின் வீட்டில் அடுப்பு அவளுடையது. கதவு கணவன் எலிசேயோவுடையது.

பெரிய அதிர்வன்று அவன் கதவைத் திறந்து அவளை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, படகைப் பார்க்கப் போனான். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை.

மேட்டில் கட்டிய புது வீட்டிலும், நிலம் அதிரும்போதெல்லாம் அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் கதவு திறந்திருக்கும். மகள் யாஸ்னா இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினாள். அதுவும் விலகியது.

“திறக்க மட்டும் தெரியுதாக்கும்? உள்ள வந்து உட்காரத் தெரியலையாய்யா?” என்று வாசலைப் பார்த்துத் திட்டியபடியே ஓர்த்தென்சியா இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றுவாள்.

இந்த வருடம் நிலம் அசையவே இல்லை. கடலடிப் பாறைத் தட்டு நம் நிலத்துக்கு அடியில் நழுவாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள்.

“எப்படியோ, நிம்மதியா தூங்குறோம்மா,” என்றாள் யாஸ்னா.

“நீ தூங்குடி.”

மகள் வேலைக்குப் போனதும் ஓர்த்தென்சியா தாழ்ப்பாளைப் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்து, உடனே அணைத்தாள். பிறகு மேசையை இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள். கோப்பைகள் கலகலத்தன.

தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து, பாதியில் நின்றது.

“நிலமில்லய்யா,” என்றாள். “நான்தான் கூப்பிட்டேன்.”

தாழ்ப்பாள் மெதுவாகப் பழைய இடத்துக்கே போய்ச் செருகிக்கொண்டது.