பாறை காய்ச்சிய தண்ணீர்

"எண்ணெய்த் தலையோட குளத்துல இறங்கக் கூடாதுங்க்கா."

"அப்புறம் எதுக்குக் கண்ணு சுடுதண்ணி விட்டு வெச்சிருக்கற?"

அவள் அந்த நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லித் தருபவள். எதிரே தெருப் பெண்கள். எல்லோர் தலையிலும் நல்லெண்ணெய். கையில் சீயக்காய்ப் பொட்டலம்.

வெள்ளிக்கிழமை. மார்கழிக் குளிர்.

குளத்தின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

நேற்று புது ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தது. சூடாக வந்தது. யாரும் காய்ச்சவில்லை. ஆழத்தில் பாறை காய்ச்சி வைத்திருந்தது. இரவெல்லாம் குளத்தில் கிடந்தும் முழுக்க ஆறவில்லை.

செய்தி தெருவெங்கும் பரவியிருந்தது. நீச்சல் என்ற சொல்லை மட்டும் வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டு.

"நம்மூருக்கு அடியில பூராவும் இப்படித்தானாம். வீட்டுக்கு வீடு குழாய் போட்டா கெய்சரே வேண்டாம்."

"நூல் எடுக்கப் பட்டுக்கூடு வேக வெக்கலாமுங்."

"மொதல்ல எங்க மாமியா மூட்டுக்கு ஊத்தோணும். அப்பத்தான் ஊட்டுல அமைதி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பனி தொடங்கியதிலிருந்து வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. இந்த மாதமும் ஆள் சேராவிட்டால் குளத்தை மண் கொட்டி மூடிவிடுவார் கட்டடத்துக்காரர். கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

ஆள் வந்திருக்கிறது. எண்ணெயோடு.

"குளிக்கலாங்க்கா. ஆனா நீச்சல் கத்துக்கணும். சரின்னா அந்தக் குழாயில தலைய அலசிட்டு வாங்க."

"நீச்சலா! இந்த ஒடம்ப வெச்சுட்டா?"

"குளம் ரொம்பிரும் போ."

சீயக்காய் நுரை சாக்கடை வரை ஓடியது. ஈரத் தலையோடு எல்லோரும் கரையில் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"மொதல்ல மயிலாத்தா எறங்கட்டும். அவ பொழச்சு வந்தா நாங்க."

பூ விற்கும் மயிலாத்தாள். கிணற்றை எட்டிப் பார்க்கவும் பயப்படுபவள். சிரித்தபடி அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

மயிலாத்தாள் படியில் கால் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

இளஞ்சூடு.

இடுப்பு வரை வந்துவிட்டாள். சொல்லித் தருபவளும் இறங்கிப் பக்கத்தில் நின்றாள்.

"மல்லாந்து படுங்க்கா. நான் பிடிச்சுக்கறேன்."

முதுகுக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகள். மேலே மயிலாத்தாள், பலகை போல விறைத்து.

கரையில் எல்லோரும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

முதலில் விரல்கள் விரிந்தன. பிறகு தோள் இளகியது. கூந்தல் அவிழ்ந்து தண்ணீரில் பரவியது. ஆவிக்கு மேலே வெளிர்நீல வானம்.

உள்ளங்கைகளில் பாரம் குறைந்துகொண்டே வந்தது.

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணு, கைய எடு."