பாதிச் சுண்டுவிரல்

பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியில் ஊழியர் ஒருவர் புது ஷாம்பு விளம்பரத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார். மழை விட்ட வெளிச்சம் ஈரக் காகிதத்தில் வழுக்குகிறது. ஓவியம் படிக்க வெளிநாடு வந்து, படிப்பு முடிந்து வேலை தேடும் பெண் போனைக் காதில் வைத்தபடி அதையே பார்த்து நிற்கிறாள். விளம்பரத்தில், மகளுக்குத் தலைபின்னும் ஒரு தாய். அவளது இடக்கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. வேலைக்கு எடுக்குமுன் கைவண்ணம் பார்க்க வேண்டும் என்று ஒரு விளம்பர நிறுவனம் கேட்க, சோறு தண்ணீர் மறந்து இந்தப் பெண் வரைந்து கொடுத்த படம் அது. “உங்கள் பாணி எங்களுக்குப் பொருந்தவில்லை” என்று போன வாரம் பதில் வந்தது. பொருந்தாத பாணி இப்போது ஆளுயரத்தில் நிற்கிறது. விசா முடியப் பதினோரு நாள். “படம் வரைஞ்சு குடுத்தியே, என்னடி சொன்னாங்க?” என்கிறாள் போனில், தையல் ஆலையில் பாதி விரலைப் பறிகொடுத்த அம்மா. “பிடிச்சிருக்கும்மா அவங்களுக்கு.” “அப்ப வேலை?” தமிழ் கேட்டு ஊழியர் திரும்பிப் பார்க்கிறார். “சும்மாதானம்மா நிக்கிற, இந்த மூலைய கொஞ்சம் பிடிச்சுக்க.” போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிடிக்கிறாள். அந்தச் சுண்டுவிரலின்மேல் எழும்பிய காற்றுக் குமிழை, அவர் சொல்லாமலே, உள்ளங்கையால் நீவிவிடுகிறாள்.