பேருந்துக்குப் பின்னால் வரும் கார்

“பஸ் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தா, பஸ்ஸுக்காக ரோட்டுக்குள்ள இறங்குற தடுப்புத் தூண் எழும்பாது, ரொவீனா. என் வீட்டுக்கு வர்றதுக்கு நான் கவுன்சில்ல பெர்மிட் கேட்கணுமா?”

“கேட்டா உன் கிரீடம் இறங்கிடுமாக்கும்.”

டெரிக் சிரித்தான். கணவனிடம் கேட்க ரொவீனாவுக்கு இன்னொன்றும் இருந்தது. கேலி செய்வான் என்று கேட்காமல் தேநீரை ஊற்றினாள்.

அடுத்த மாதம், பேருந்துகள் மட்டும் போகலாம் என்றிருந்த கதீட்ரல் தெருமுனையில், தரையிலிருந்து எழும்பிய இரும்புத் தூண்கள் அவன் காரைக் குத்தி நிறுத்தின. அவன் அங்கேயே இறந்துபோனான்.

அதன்பிறகு மாலைப் பேருந்து கடந்ததும் தூண்கள் உடனே எழுவதில்லை. யாரோ கள்ள பெர்மிட் வைத்துக்கொண்டு நுழைகிறார்கள் என்று ரொவீனா சந்தேகப்பட்டாள். ஜன்னலில் நின்று கண்காணித்தாள். எந்தக் காரும் வரவில்லை. பிறகு கவுன்சில் மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டாள்.

“நான் எதையும் நோண்டல, மேடம்,” என்றான் அவன். “பஸ் பின்னாடி ஒரு கார் வர்றதா தரையில இருக்கற சென்சார் சொல்லுது. முன்சக்கரம் ஏறுது, பின்சக்கரம் வரவே மாட்டேங்குது. கேமராவுல பஸ்ஸைத் தவிர ஒண்ணுமில்ல.”

மறுநாள் மாலை தூறல் போட்டது. பேருந்து போனது. தூண்கள் தாழ்ந்தே கிடந்தன. அவற்றின் மேல், ஒரு காரின் அளவுக்கு மட்டும், சாலை நனையவில்லை.

ரொவீனா குடையோடு அதன் வலப்பக்கம் போய், ஓட்டுபவர் முகம் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டாள்.

“டெரிக், காரை இங்கேயே விட்டுட்டு நடந்து வீட்டுக்கு வா.”