வெறுங்கையால் எடுத்த சவ்வு

தண்ணீர் வடிகட்டும் சவ்வு செய்வது என் வேலை. பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாக இழுத்துத் தொட்டித் தண்ணீரில் இறக்கினால், அது சவ்வாகி, பாலாய் வெளுத்துக் கழன்று மிதக்கும். கையுறை வழுக்குகிறதென்று வெறுங்கையால்தான் எடுப்பேன்.

நேற்றுக் காலை கம்பெனி வாசலில் வருகை பதியும் கைரேகைக் கருவி என் விரலை ஏற்கவில்லை.

"கையுறை போடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப பாரு, மருந்து ரேகையைத் தின்னுடுச்சு," என்றார் சூப்பர்வைசர்.

பத்து விரலும் வழவழவென்றிருந்தன. முந்தின நாள் காயப்போட்ட சவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பத்து ரேகைகளும் அதில் இருந்தன. யாரிடமும் சொல்லாமல், அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

இன்று விரலை வைக்கும் முன்பே, நான் உள்ளே வந்தாயிற்று என்று கருவியின் திரையில் என் பெயர் தெரிந்தது.

"என்னப்பா, இப்பதானே உள்ள போனே? எப்ப வெளிய வந்தே?" என்றார் சூப்பர்வைசர்.

"நானா சார்?"

"பின்ன யாரு? கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. கை வெள்ளையா இருந்துச்சு. சரி, இன்னைக்காவது கையுறை போட்டிருக்கானேன்னு விட்டுட்டேன்."

உள்ளே ஓடினேன். யாருமில்லை. தொட்டியில் ஒரு சவ்வு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு முகம் பதிந்திருந்தது. தாடையில் என் சிறுவயதுத் தழும்பு.

கையை மெல்லத் தாடைக்குக் கொண்டுபோனேன். வழவழவென்றிருந்தது.