பாதிக் கட்டணம்

மின்கட்டணப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி தணிகாசலத்துக்குக் கம்பெனிக்காரர்கள் என்றாலே ஆகாது. ஜவ்வாது மலையில் 'மலைச்சுடர்' மின்சாரக் கம்பெனி ஜனங்களைச் சுரண்டுகிறது என்று மனு வந்ததும், போளூரிலிருந்து ஜீப்பில் தானே கிளம்பிவிட்டார்.

புளியமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. மனு போட்ட மங்கம்மாள் முன்னால் வந்தாள்.

"மாசம் எவ்வளவும்மா வாங்குறாங்க?"

"வூட்டுக்குப் பன்னெண்டு ரூபாங்க. இன்னா பண்றது, சாமையை வித்துக் கட்றோம்."

"பகல் கொள்ளை!" கம்பெனி மேனேஜர் குப்புராஜைப் பார்த்து உறுமினார் தணிகாசலம். "கீழே டவுன்லயே இவ்வளவு கிடையாதேய்யா!"

"மலையில செலவு ஜாஸ்தி சார்..." என்று நெளிந்தார் மேனேஜர்.

"இன்னையிலிருந்து ஆறு ரூபாய். அதுக்கு மேல ஒரு பைசா வாங்கினாலும் லைசென்ஸ் ரத்து!"

மேனேஜர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஊரே கைதட்டியது. இருபது வருட சர்வீஸில் இப்படியொரு மனநிறைவைத் தணிகாசலம் கண்டதில்லை. ஜீப்பில் ஏறப் போனவரிடம் மங்கம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஐயா, கம்பி எப்போ இழுப்பாங்க?"

"எந்தக் கம்பி?"

"கரண்ட்டுக் கம்பிதாங்க. மூணு வருசமா வெறும் கம்பம்தான் நிக்குது."

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னும் கரண்ட்டே வரலையா? அப்புறம் எதுக்கும்மா மாசா மாசம் பணம் கட்டினீங்க?"

"கட்டலைன்னா கரண்ட்டைக் கட் பண்ணிடுவோம்னு சொன்னாங்களே, ஐயா!"