தீர்த்தத் தொட்டித் தவளை

நம்பினால் நம்புங்கள், மாதா கோயில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் சவேரி என்றொரு தவளை குடியிருந்தது. அந்தத் தண்ணீர் படாத எவருக்கும் மோட்சம் இல்லை என்பது அதன் தீர்ப்பு.

ஒருநாள் கோயில் கிணற்றிலிருந்து மாடன் தவளை தாவி வந்தது. "அண்ணே, நேத்து எங்கம்மாவைப் பாம்பு முழுங்கிட்டுது. அவ மோட்சம் போயிருப்பாளா?"

"தொட்டித் தண்ணி மேல பட்டிருக்கா?"

"இல்லண்ணே."

"ஏல, அப்ப நரகம்தான். போ."

"தொட்டிக்குத் தண்ணி நிரப்புற கோயில்பிள்ளை எங்க கிணத்துல மொண்ட வாளியில தலைப்பிரட்டையா வந்தவன்தானே நீ? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதாண்ணே."

சவேரி தொட்டி விளிம்புக்குத் தாவி வந்தது.

"ஏல, கோயில் மணி அடிக்கையில அம்மா ஒருதடவையாவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்காளா?"

"கொசு பறந்தா எந்தப் பக்கமும் பார்ப்பா."

"அது போதும்ல! அவ மோட்சத்துலதான் இருக்கா."