பவர்பேங்க் செய்த உபகாரம்

ஓடும் ரயிலில், ஒரு பெண்ணின் செல்போன் சார்ஜ் இறங்கித் தவித்தது. ஊருக்குப் புதியவள் அவள். ஸ்டேஷன் வந்ததும் போன் செய்தால்தான் அண்ணன் வந்து அழைத்துப் போவான். அவள் முகத்தைப் பார்த்த பக்கத்துப் பயணி, தன் பவர்பேங்க்கை எடுத்துக் கொடுத்தார்.

ஒயரை மாட்டியதும் பவர்பேங்க்குக்குத் தலைகால் புரியவில்லை.

"பயப்படாதே தம்பி, நான் இருக்கேன்ல? அடுத்தவங்க கஷ்டத்தைப் பார்த்தா எனக்குத் தாங்காது. போன மாசம் ஒரு ஹெட்போன், அதுக்கு முந்தி ஒரு டார்ச் லைட். இன்னிக்கு அதுங்க உசிரோட இருக்குன்னா, யாராலங்கிறே?"

பேசப் பேச அதன் உடம்பெல்லாம் இதமாகச் சூடேறியது. கொடுப்பதில்தான் எத்தனை சுகம் என்று நினைத்து, தன்னை எண்ணித் தானே உருகியது.

ஸ்டேஷன் நெருங்கியது.

"இப்ப தெம்பா இருக்கா தம்பி?"

மங்கிய திரையோடு போன் முனகியது. "அண்ணே, கரண்ட் இந்தப் பக்கம் வரலை. மாட்டினதுலேருந்து நீங்கதான் என்கிட்ட எடுத்துக்கிட்டிருக்கீங்க."

"அடப்பாவி, அப்பவே சொல்லக்கூடாதா?"

"கொடுக்கிறதைப் பத்தி அவ்வளவு சந்தோஷமாப் பேசிட்டு வந்தீங்க. குறுக்கே பேச மனசு வரலைண்ணே."

நல்லவேளை, போனில் சார்ஜ் ஏறாததைப் பயணி கவனித்துவிட்டார். ஒயரைப் பிடுங்கி, பவர்பேங்க்கின் பொத்தானை அழுத்தி, மறுபடி மாட்டினார். போனுக்கு உயிர் வந்தது.

இந்த முறை பவர்பேங்க் வாயே திறக்கவில்லை. எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தது. சார்ஜ் காட்டும் தன் நாலு விளக்கும் பளிச்சென்று எரியும்போது எங்கே போய் ஒளிவது?